திரும்பக் கேட்க வேண்டிய மனிதர்

கேக் தட்டு அவரைக் கடந்து போனது. அது போவதை அவர் பார்த்த பார்வையில்தான் நான் முதன்முதலாக அவரைக் கவனித்தேன்.

ஜெர்மனியின் பான் நகரில் நான் குடியிருந்த கட்டடத்தின் கீழ்வீட்டில் ஒரு ஜெர்மன் அம்மா இருந்தார். தன்னுடைய பிறந்தநாளுக்கு, மாடிப்படியில் எதிர்ப்பட்ட எல்லோரையும் கோப்பி குடிக்கக் கூப்பிட்டிருந்தார். இரண்டாயிரத்து நான்காம் ஆண்டாக இருக்கவேண்டும். மேல்மாடிக்குப் புதிதாக வந்திருந்த அயர்லாந்துக்காரரும் வந்திருந்தார். ஐம்பதைத் தாண்டிய மனிதர், நெட்டை, தோள் கொஞ்சம் முன்னால் விழுந்திருக்கும். பல்கலைக்கழகத்தில் ஐரிஷ் மொழி படிப்பிக்கிறார் என்று சொன்னார்கள். அப்படி ஒரு மொழி இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

வீட்டுக்கார அம்மா செர்ரி கேக்கை நீட்டி வேண்டுமா என்று கேட்டார். அவர், “நன்றி, வேண்டாம்” என்றார். ஜெர்மன்காரர்களுக்கு வேண்டாம் என்றால் வேண்டாம்தான். தட்டு அடுத்தவரிடம் போனது. அவருடைய கண்களும் தட்டின் பின்னாலேயே மேசையைச் சுற்றி ஒரு சுற்று வந்தன.

எனக்குச் சிரிப்பு வந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்த யாருக்கும் அந்தப் பார்வை விளங்கும். எங்கள் வீடுகளில் முதல் தரம் கேட்கும்போது, இப்போதுதான் சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்றுதான் சொல்லவேண்டும். கேட்டவர் விடாமல் திரும்பக் கேட்கவேண்டும். அப்போதும் கொஞ்சம் இழுக்கவேண்டும். கேட்டவர் கோபித்துக்கொள்வது போல் முகத்தை வைத்துக்கொண்ட பிறகுதான், சரி, உங்களுக்காகக் கொஞ்சம் என்று இறங்கி வரலாம். எடுத்த எடுப்பில் ஓம் என்று சொன்னவரைப் பற்றி, ஆலாய்ப் பறக்கிறார் என்று வீதி முழுக்கக் கதை போகும்.

நான் எழுந்து போய்த் தட்டை வாங்கி வந்து அவர் முன்னால் வைத்தேன். “எடுங்கோ” என்றேன். வேண்டாம் என்றார். “சும்மா எடுங்கோ, நல்லா இருக்கு” என்றேன். கை பாதி நீண்டு நின்றது. “நீங்கள் எடுக்காட்டி நானும் எடுக்கமாட்டன்” என்றேன். எடுத்தார். ஒன்றல்ல. கீழ்வீட்டு அம்மா, இவருக்குத்தான் கேக் பிடிக்காதே என்று குழப்பத்தோடு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார்.

நாங்கள் பேசியதெல்லாம் ஜெர்மனில்தான். ஆனால் இத்தனை வருடம் கழித்து நினைக்கும்போது அவர் எனக்கு யாழ்ப்பாணத் தமிழிலேயே பேசுகிறார். திருத்தப் பார்த்தேன், முடியவில்லை, விட்டுவிட்டேன். படிப்பிக்கிறவர் என்பதால் ஊர்வழக்கப்படி மாஸ்டர் என்றே கூப்பிட்டேன். அது அவருக்கும் பிடித்துவிட்டது.

எனக்கு அப்போது நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. கலியாணம் ஒன்று நடந்து, நடந்த வேகத்திலேயே முடிந்திருந்தது. ஒரு பல் வைத்தியரிடம் உதவியாளராக வேலை. ஹம்பேர்க்கில் இருக்கும் அக்கா போனில் என்னைச் சாப்பிட வைப்பாள், போனிலேயே ‘அடியே’ என்று திட்டுவாள். அதைத் தவிர வீட்டுக்கு வருகிற, போகிற ஆள் என்று யாரும் இல்லை. மாஸ்டர் வர ஆரம்பித்தது, எனக்கும் யாரையாவது திரும்பத் திரும்பக் கேட்கவேண்டும் போலிருந்த காலம்.

அவர் வீட்டுக்குள் வருவதே ஒரு சடங்கு. முதலில் வாசலில் நிற்பார். உள்ளே வரச் சொன்னால், வேலை இருக்கிறது என்பார். தேத்தண்ணி போடட்டா என்றால், உங்களுக்கு ஏன் சிரமம் என்பார். நான் கேத்திலை அடுப்பில் வைத்துவிட்டு, எனக்காகத்தான் போடுகிறேன் என்பேன். “உங்களுக்காகத்தான் போடுறியள் எண்டா, நான் அரைக் கோப்பை குடிக்கிறன்” என்று சப்பாத்தைக் கழற்றுவார். பிறகு முழுக் கோப்பை குடிப்பார், அதன்பிறகு இன்னொன்று. அவருடைய ஊரிலும் இதுதான் வழக்கமாம். ஜெர்மனிக்கு வந்த புதிதில், கேட்ட வீடுகளிலெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பக் கேட்பார்கள் என்று காத்திருந்து, பசியோடு வீட்டுக்கு நடந்ததாகச் சொன்னார். “நல்ல சனம். ஆனா என்னை நம்பிவிடுகினம்” என்றார்.

இந்த மறுப்பு வெறும் மரியாதை மட்டும்தான் என்று நான் முதலில் நினைத்திருந்தேன். அதற்கடியில் வேறொன்று இருப்பது ஒரு பின்னேரம் படியில்தான் தெரியவந்தது. நான் வேலை முடிந்து ஏறுகிறேன். மாஸ்டர் நடுப்படியில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு சப்பாத்துக்கு நாடா கட்டியிருக்கிறது, மற்றதற்கு இல்லை. மடியில் புத்தகப் பை.

“என்ன மாஸ்டர், வகுப்புக்குப் போகேல்லையோ?”

“போகத்தான் வேணும். என்ர மேலை இருக்கு” என்று தோளைக் காட்டினார்.

“என்ன இருக்கு?”

“த்ரொகல்.”

அவருடைய மொழிச் சொல். ஜெர்மன் மாணவர்களுக்கு இதன் முதல் ஓசையே சரியாக வராதாம். அவர்களுக்கு நாக்கு கொஞ்சம் மேலே போய்விடும். ஐரிஷுக்கு நாக்கு பல்லில் போய் ஒட்டவேண்டும், எங்கள் ‘த’ மாதிரி. நான் ஒரே தரத்தில் சொல்லிவிட்டேன். பல் வைத்தியரிடம் வேலை செய்கிறவளுக்குப் பல் எங்கே இருக்கிறது என்று தெரியாதா என்று கேட்டேன். என் முன்னால் அவர் சத்தமாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

“பஞ்சி எண்டு சொல்லுங்கோ” என்றேன்.

“பஞ்சி எண்டா?”

“எழும்ப மனமில்லை. செய்யச் சோம்பல்.”

யோசித்துப் பார்த்தார். “இல்லை. அதுக்கு எங்களிட்டை வேறை சொல் இருக்கு. பஞ்சி பிடிச்சவன் சந்தோசமாப் படுத்திருப்பான். த்ரொகல் வந்தவனுக்குப் படுக்கவும் ஏலாது, போகவும் ஏலாது.”

அந்தப் படியிலேயே எனக்கு முழு இலக்கணமும் நடந்தது. அவருடைய மொழியில் ‘நான் தயங்குகிறேன்’ என்று சொல்வது வழக்கமில்லையாம். தயக்கம் என்மேல் இருக்கிறது என்பார்களாம். பசியும் அப்படித்தான், கவலையும் அப்படித்தான், சந்தோசம்கூட ஆளின் மேல்தான் வந்து உட்காரும். எதை நினைத்துத் தயக்கமோ, அதற்கு ‘முன்னால்’ என்ற சொல் சேரும். வகுப்புக்கு முன்னால், கடிதத்துக்கு முன்னால், பயணத்துக்கு முன்னால் என்மேல் த்ரொகல். நாங்கள் எனக்குத் தயக்கமாக இருக்கிறது என்கிறோம், அது எங்களிடம் வந்து சேர்கிறது. ஜெர்மன்காரர், எனக்கு விருப்பம் இல்லை என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போய்விடுவார்கள். மாஸ்டருடைய சொல்லில் ஒரு இருட்டும் சேர்ந்திருந்தது, மழைக்கு முந்திய பின்னேரம் மாதிரி. செய்யமாட்டேன் என்று அதற்குப் பொருள் இல்லை. செய்யத்தான் போகிறேன், யாராவது கொஞ்சம் தள்ளிவிட்டால் நல்லது என்று நான் பொருள் எடுத்துக்கொண்டேன்.

மற்றச் சப்பாத்தின் நாடாவை நானே கட்டிவிட்டேன். “போங்கோ, பிள்ளையள் காத்துக்கொண்டிருக்கும்” என்று முதுகில் கைவைத்துத் தள்ளினேன். அன்று வகுப்பு அருமையாக நடந்ததாம். எப்போதும் அருமையாகத்தான் நடக்கும். படியில் உட்காராமல் அவர் ஒருநாளும் போனதில்லை.

அக்கா ஒருமுறை ஹம்பேர்க்கிலிருந்து வந்திருந்தபோது அவரை நேரில் பார்த்தாள். ரோல்ஸ் பொரித்து வைத்திருந்தாள். மாஸ்டர் வழக்கம்போல மறுத்தார். அக்கா விடவில்லை. அவர் இழுத்தார். அக்கா இன்னும் விடவில்லை. கடைசியில் அவர் எடுத்துக் கடித்துக் கண்ணை மூடிக்கொண்டபோது, அக்கா என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாள். “இதென்னடி, எங்கட சனத்திலை மாப்பிள்ளைக்குக் கூட இவ்வளவு கெஞ்சினதில்லை.”

“அவர் அப்பிடித்தான்.”

“அவர் அப்பிடித்தான் சரி. நீ என்னெண்டு இருக்கிறாய்? முகத்தைக் கண்ணாடியிலை பாத்தனியோ?”

நான் சமையலறைக்குள் போய்விட்டேன். அக்கா பின்னாலேயே வந்தாள். எண்ணெய்ச் சட்டியைக் கழுவிக்கொண்டே, “இந்தாள் தானா வாய் திறவாது. நீயும் திறக்கமாட்டாய். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் உபசரிச்சே கிழவராகப்போறியள்” என்றாள். எனக்குக் கோபம் வந்தது. அவள் சொன்னது சரி என்பதால் வந்த கோபம்.

அவருடைய பெரிய துக்கம் என்னவென்று அந்தக் குளிர்காலத்தில் சொன்னார். அயர்லாந்தின் மேற்குக் கரையில் அவர்களுடைய வீடு. சமையலறை ஜன்னலைத் திறந்தால் கடல். தாய் இறந்தபோது போயிருந்தார். தம்பி, வாழ்க்கையின் பெரும்பகுதியை அமெரிக்காவில் கழித்துவிட்டு அப்போதுதான் ஊரோடு திரும்பியிருந்தான். செத்தவீட்டுச் சனம் எல்லாம் கலைந்த பிறகு தம்பி கேட்டானாம், நீயும் இங்கேயே வந்து இரேன் என்று.

“நீங்கள் என்ன சொன்னியள்?”

“வேலை இருக்கு, ஏலாது எண்டனான்.”

“அவர்?”

“சரி எண்டான். பிறகு மாட்டுக்கு வேலி அடைக்கிறதைப் பற்றிக் கதைச்சான்.”

அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். அங்கே போய் இருக்கவேண்டும் என்பதைத் தவிர இந்த மனிதருக்கு வாழ்க்கையில் வேறு ஆசை இல்லை. அது அவர் குரலிலேயே தெரிந்தது. “அமெரிக்காவிலை ஆக்கள் ஒருக்காத்தான் கேப்பினம் போலை” என்றார். “அவனுக்கு மறந்துபோச்சு.”

“நீங்களே கேக்கலாமே மாஸ்டர். நான் வாறன் எண்டு சொன்னா முடிஞ்சுது.”

“நான் என்னெண்டு கேக்கிறது? வேண்டாம் எண்டு சொன்னவன் நானெல்லோ.”

வேறு யாராவது என்றால் பைத்தியம் என்பார்கள். எனக்கு முழுதும் விளங்கியது. அன்று இரவு நித்திரை வரவில்லை. அவர் போகவேண்டும் என்று நினைத்தேன். போய்விடுவாரே என்றும் நினைத்தேன். இரண்டையும் ஒரே நெஞ்சில் வைத்துக்கொண்டு எப்படிப் படுப்பது?

பங்குனி அளவில் அவருக்குக் கடும் காய்ச்சல் வந்தது. நான் மல்லி அவித்த தண்ணீரோடு மேலே போனேன். குடிக்கமாட்டேன் என்றார், குடித்தார். அப்போது போன் அடித்தது. “அடிக்கட்டும்” என்று போர்வையை இழுத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை இந்த நேரத்துக்குத் தம்பிதான் எடுப்பானாம். ஒவ்வொரு கிழமையும் எடுப்பான், மாட்டைப் பற்றியும் மழையைப் பற்றியும் கதைப்பான், வைப்பான். போனுக்கு முன்னால் அவர்மேல் த்ரொகல். அடித்துக்கொண்டே இருந்தது. நான் எடுத்தேன்.

என் இங்கிலிஷ் பள்ளிக்கூடத்து இங்கிலிஷ். அதை வைத்துக்கொண்டு, நான் பக்கத்து வீடு, உங்கள் அண்ணனுக்குக் காய்ச்சல், பயப்பட ஒன்றும் இல்லை என்றேன். தம்பி பதறிப்போனார். தனியாகக் கிடந்து அல்லாடுகிறானே, இங்கே வந்து இருக்கலாமே என்றார்.

“அதை அவரிட்டைச் சொல்லுங்கோ.”

“சொன்னேனே. வரமாட்டேன் என்றான்.”

“அது முதல் தரம் கேட்டதுக்குச் சொன்னது. நீங்கள் திரும்பக் கேக்கேல்லை.”

தம்பி கேட்டார், திரும்பக் கேட்டால் வருவானா என்று.

“இல்லை, வேண்டாம் எண்டுதான் சொல்லுவார். நீங்கள் விடாமல் கேளுங்கோ. ஓம் எண்டு சொல்லும் வரைக்கும் கேளுங்கோ. உங்கட ஊர்ப் பழக்கம்தானே, நான் சொல்லித் தரவேண்டிக் கிடக்கு!”

தம்பி சிரித்தார். சிரிப்பின் நடுவில் குரல் உடைந்தது. தனக்கு மட்டும் திரும்பக் கேட்கத் தயக்கம் இல்லாமலா இருந்தது என்றார். நான் ரிசீவரைக் கட்டிலுக்குக் கொண்டுபோனேன். மாஸ்டர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். முழுவதையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். காதுக்குப் பின்னால் சிவந்துபோயிருந்தது.

இரண்டு பேரும் தங்கள் மொழியில் பேசினார்கள். அந்த மொழியில் ஓம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் தனிச் சொல் கிடையாது என்று ஏற்கெனவே எனக்குச் சொல்லியிருந்தார். வருவாயா என்றால் வருவேன், அல்லது வரமாட்டேன். நாங்களும் வாறியோ என்றால் வாறன் என்கிறோமே. அதனால் என்ன பதில் போகிறது என்று எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். தலையை ஆட்டி மறுத்தார். திரும்பவும் மறுத்தார், கொஞ்சம் மெதுவாக. பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒரே ஒரு சொல் சொன்னார். தோள் இரண்டும் இறங்கின. நான் மல்லித்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு கழுவப் போனேன். குழாயைத் திறந்துவிட்டு நன்றாக அழுதேன்.

கோடைப் பருவத்து வகுப்புகள் முடிந்ததும் வேலையை விட்டார். சாமான் கட்ட நான்தான் உதவினேன். கீழ்வீட்டு அம்மா செர்ரி கேக் செய்து கொடுத்தார். வேண்டுமா என்று கேட்கவே இல்லை, கையில் கொடுத்துவிட்டார். அவரும் எங்களோடு இருந்து எதையோ பழகியிருந்தார்.

இப்போதும் மாஸ்டர் நத்தார்ப் பண்டிகைக்குப் போன் எடுப்பார். கடல் எப்படி இருக்கிறது என்று நான் கேட்பேன். கிளினிக்கில் கூட்டமா என்று அவர் கேட்பார். தம்பி பின்னாலிருந்து எனக்கு வணக்கம் சொல்லுவார். இரண்டு பேரும் மழையைப் பற்றிக் கதைத்துவிட்டு வைத்துவிடுவோம். வைத்த பிறகு எனக்குக் கொஞ்ச நேரத்துக்கு ஒரு வேலையும் ஓடாது. அது ஏன் என்று சொல்வதானால், அவர் போன நாளைத்தான் சொல்லவேண்டும்.

பான் ரயில் நிலையம். விமான நிலையத்துக்குப் போகிற ரயில் வந்து நின்றுவிட்டது. பெட்டிகளை ஏற்றியாகிவிட்டது. அவர் ஏறாமல் நின்றார். தோள் அந்தப் பழைய மாதிரி முன்னால் விழுந்திருந்தது. பயணத்தை நினைத்துத்தான் தயங்குகிறார் என்று எண்ணி, முதுகில் கைவைத்துத் தள்ளிவிட நான் கையைத் தூக்கினேன்.

“நீங்களும் வாங்கோவன்” என்றார்.

“எங்கை?”

“அங்கை. வீடு பெரிசு. வந்து கடலைப் பாருங்கோ. பிடிச்சா...” தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “பிடிச்சா இருங்கோ.”

அந்த நேரத்தில் எனக்குள் எழுந்த சந்தோசத்தை இன்றைக்கும் சொல்லத் தெரியாது. ஆனால் வாய், பிறந்ததிலிருந்து பழகிய வாய். “அதெல்லாம் ஏலாது மாஸ்டர். லீவும் இல்லை. எனக்கு இஞ்சை எவ்வளவு வேலை கிடக்கு” என்றேன். சொல்லிவிட்டு, அடுத்த கேள்விக்காக நின்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கதவு மூடப்போகிறது என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். “ஓம், விளங்குது” என்று தலையாட்டினார். என் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்திவிட்டு ஏறிக்கொண்டார். கேட்கிற பக்கத்தில் அவர் வாழ்நாளில் நின்றதே இல்லை. எல்லோரும் கேட்க, மறுத்துப் பழகிய மனிதர்.

வீட்டுக்கு வந்து அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

“என்னடி, போயிட்டாரோ?”

“போயிட்டார். என்னையும் வரச்சொல்லிக் கேட்டவர்.”

“ஆ! நீ என்ன சொன்னனீ?”

“ஏலாது எண்டனான்.”

“சரி, அது சொல்லத்தானே வேணும். பிறகு?”

“பிறகு ஒண்டுமில்லை. விளங்குது எண்டார். ரயில் போயிட்டுது.”

அவளுடைய வீட்டுத் தொலைக்காட்சிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அக்கா அதை நிறுத்தினாள்.

“அக்கா, அவர் இன்னொருக்காக் கேட்டிருந்தா...”

“தெரியும்” என்றாள் அக்கா.